கண்ணாடி: சரி

ஜூன் 3, செவ்வாய்

கனிக்கு மூன்றாவது தடவையாக ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். வருகிற 16ஆம் தேதி திருநெல்வேலியில் போய்ப் படுக்க வேண்டும், 18ஆம் தேதி கர்ப்பப்பையை எடுப்பார்கள். உள்ளே கட்டி வளர்ந்து, மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. ரத்தத்தின் அளவு ஏழுக்கு இறங்கிவிட்டதாம். "இந்தத் தடவையும் வராம இருந்தா அப்புறம் தூக்கிட்டுத்தான் வரணும்" என்று டாக்டரம்மா சத்தம் போட்டாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு கனி வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

முதல் தடவை போகாததற்குக் காரணம் எனக்குச் சிறுநீர்க் காய்ச்சல். பிப்ரவரியில் போகாததற்குக் காரணம், என்னைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் மூன்றாம் நாளே போய்விட்டார். அவர் ஏன் போனார் என்பது பெரிய கதை, இங்கே இடமில்லை.

டைரிக்கு முன்னுரை: நான் காளிராஜ், வயது நாற்பத்தெட்டு, ஊர் கோவில்பட்டி. கல்யாணம், கோயில் கொடை என்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடையில் சவுக்குக் கம்பத்திலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே அன்றோடு கரண்ட் கட். இதை நான் சொன்னால் சிரிக்கலாம், வேறு யாராவது சொன்னால் அடிப்பேன். இப்போது வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கிறேன்.

மாதம் ஒரு முறை வரும் பிசியோ பெண்தான் தினமும் மூன்று வரி எழுதச் சொன்னது. முதல் வரி, தூக்கல். உட்கார்ந்தே இருந்தால் பின்பக்கம் புண் வரும், அதனால் அரை மணிக்கொரு தரம் கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். இரண்டாவது, கண்ணாடி. குளித்ததும் தொடை, பின்பக்கம், குதிகால் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத்தான் அங்கே எது நடந்தாலும் தெரியாதே. ஆறு வருஷமாகக் கனிதான் பார்த்தாள். இனி நானே பார்த்துக்கொள்ள, பழைய மொபெட்டின் கண்ணாடியை ஒரு ஃபேன் ராடில் மாட்டி வைத்திருக்கிறேன். நல்ல வேலைப்பாடு, நானே சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவது வரி, "உங்களப் பாத்துக்கிறவங்களுக்கு இன்னைக்கு எப்படி இருந்துச்சு." கனிக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறாள். அதை எதற்குத் தினமும் எழுத வேண்டும்? இரண்டு வரி போதும்.

தூக்கல்: 22. கண்ணாடி: சரி.

ஜூன் 4, புதன்

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் கனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நான் எழுபத்தோரு கிலோ.

அதனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறப் பழகுகிறேன். வழுவழுப்பான ஒரு ப்ளைவுட் பலகையைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாலமாகப் போட்டு, கையால் ஊன்றி ஊன்றி நகர வேண்டும். பிசியோ பெண் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான். கனி இருக்கும்போது எதற்கு என்று விட்டிருந்தேன். இன்று ஏழு தடவை முயன்று மூன்று தடவை மாறினேன்.

"ஏசுவடியான் அண்ணாச்சியத் திரும்பக் கூப்பிடட்டுமா?" என்றாள் கனி.

"அந்தாளு நிழல்கூட இந்த வீட்டுக்குள்ள வரப்படாது."

"அப்ப வேற யாரு?"

"யாரும் வேண்டாம். நானே பாத்துக்கிடுவேன்."

அவள் என் காலைத் தூக்கி நாற்காலியின் மிதியில் வைத்தாள். வைத்துவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, செருப்பத் தேடுதேன்" என்றாள். செருப்பு அவள் காலில்தான் இருந்தது.

தூக்கல்: 20. கண்ணாடி: சரி.

ஜூன் 6, வெள்ளி

நாளை கனி ஸ்கேனுக்குத் திருநெல்வேலி போகிறாள். காலை ஏழிலிருந்து சாயங்காலம் நாலு வரை நான் தனி. 16ஆம் தேதிக்கு இது ஒத்திகை. இதில் பாஸானால் ஏசுவடியான் பேச்சே எழாது.

ஜூன் 7, சனி

விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். கனி வந்து ஆச்சரியப்பட்டாள்.

கண்ணாடி: சரி.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். என் கோழிக்கிறுக்கல் கனிக்குப் புரியாது என்றாலும் பயத்தில் அப்படி எழுதிவிட்டேன். நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலையில் பலகை போட்டு மாறினேன், முதல் தடவையிலேயே. பல் தேய்த்தேன், முகம் கழுவினேன், பையிலிருந்த சிறுநீரைக் கொட்டினேன். பத்தரைக்கு இண்டக்‌ஷன் அடுப்பில் கஞ்சி வைத்தேன். எவர்சில்வர் சட்டி. அடுப்படியிலிருந்து முன்னறைக்குக் கொண்டுவர வேண்டும், சக்கரத்தைத் தள்ள இரண்டு கையும் வேண்டும். மடியில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் சட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்படி ஒரு பெருமை எனக்கு.

வாசலில் பக்கத்துத் தெரு டீச்சர் மிக்ஸியோடு நின்றார். ஜாருக்கு அடியில் புதுசாய் மாற்றிக் கொடுத்த கப்ளர் அதற்குள் போய்விட்டது என்றார். கப்ளர் போகவில்லை, நீங்கள் ஜாரைச் சரியாக மாட்டவில்லை என்று நான் சொன்னேன். மாட்டிக் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். சட்டி என் மடியிலேயே இருந்தது. துண்டு எப்போது நழுவியதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அவர் போனதும் கஞ்சியைக் குடித்தேன். ஊறுகாயோடு ரசித்துக் குடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கைலியை மாற்றும்போதுதான் பார்த்தேன். வலது தொடையின் உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். பாதி உடைந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தேன், வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முப்பது வருஷம் சால்டரிங் இரும்போடு வேலை பார்த்தவன், விரலில்கூட ஒரு சூட்டுத் தழும்பு கிடையாது.

எனக்கு மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. கனி பார்த்தால் போகமாட்டாள். இதைச் சாக்காக வைத்து மூன்றாவது தடவையும் தள்ளிப்போடுவாள். ரத்தம் ஏழு.

மெடிக்கல் கடைக்குப் போன் போட்டுத் தீக்காய மருந்து வரவழைத்தேன். கைலியைச் சுருட்டி வேலை மேஜைக்குக் கீழே தள்ளினேன். மருந்தை ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னும் எட்டு நாள்.

ஜூன் 9, திங்கள்

"இன்னைலேருந்து நானே குளிச்சிக்கிடுதேன். நீ பாத்ரூமுக்குள்ள வராத" என்று சொல்லிவிட்டு சண்டைக்குத் தயாராக இருந்தேன். கனி, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் நான் சொன்னதும் அவள் சரி என்றது இதுதான் முதல் தடவை.

மத்தியானம் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. சாயங்காலமும் ஒன்று. என்ன விசேஷம் என்றேன். "ஊருக்குப் போறேம்லா, உங்களத் தேத்தி வச்சிட்டுப் போகணும்" என்றாள்.

கண்ணாடி: சரி. (சரி இல்லை. இனி எங்கே சரி என்று எழுதினாலும் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.)

ஜூன் 10, செவ்வாய்

மேஜைக்கு அடியில் சுருட்டிப் போட்ட கைலி துவைத்துக் கொடியில் காய்கிறது.  கனி முகத்தைப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. கிரீஸ் கறை என்று நினைத்திருப்பாள். இந்த வீட்டில் கிரீஸ் படாத துணி எது?

புண் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கிறது. ராத்திரி நான் தடவியதைவிடக் காலையில் மருந்து அதிகமாகப் படிந்திருக்கிறது. நமக்குக் கைவாகு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஏசுவடியான் அண்ணாச்சிக்குக் கனியே போன் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றாள். நான் பெருந்தன்மையாக, "சரி, ஒன் மனசமைதிக்காகத்தான் ஒத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் ஏன் போனார் என்பதை எழுத இடமில்லை என்றேன். இடம் இருக்கிறது. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தொன்பது வயது. எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில், கையுறை போட்டுக்கொண்டு மலத்தை எடுத்துவிட வேண்டும். கனி அதைச் செய்யும்போது பால்காரன் பேச்சோ மகள் பேச்சோ பேசிக்கொண்டே செய்வாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணாச்சி செய்யும்போது ஜெபப் பாட்டு முணுமுணுத்தார். நல்ல மனசோடுதான். எனக்கு அந்த நிமிஷம் செத்துவிடலாம் போல இருந்தது. கைக்கு எட்டியது டெஸ்டர். எறிந்தேன். அவர் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

என் உடம்பில் கனி கை மட்டும்தான் படவேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதை ஒரு பிரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

"வலது பக்கம் படுக்காதீங்க. மெத்தை அங்ஙன அமுங்கிக் கெடக்கு" என்று சொல்லி இடது பக்கமாகவே புரட்டிப் போடுகிறாள். நல்லதாகப் போயிற்று. அவளுக்குத் தெரியாமலே எனக்கு உதவுகிறாள்.

பலகை: பத்துக்கு எட்டு.

ஜூன் 14, சனி

மகள் முத்தரசி ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். கம்பெனியில் பதினைந்து நாள் லீவு. அவள்தான் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருப்பாள்.

பெட்டி கட்டுகிறார்கள். கனி நாலு கட்டு, கட்டுப்போடும் காஸ் துணி, உப்புத் தண்ணீர் பாட்டில் இரண்டு, பிளாஸ்திரி எல்லாம் வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கமாட்டார்களா என்றேன். "இருக்கட்டுமே" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

போய்விட்டாள்.

காலையில் என்னை உட்காரவைத்துத் தலை சீவிவிட்டாள். பிறகு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் வலது முழங்காலின் மேல் கையை வைத்தாள். இன்னும் ஒரு சாண் மேலே போனால் கட்டுத்துணி தட்டுப்படும்.  அவள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன?"

"எங்கிட்ட எதுவும் சொல்லணுமா?"

"பத்திரமா போயிட்டு வா. வேற என்ன சொல்ல?"

"சரி" என்று எழுந்தாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டு நிம்மதியானேன். ஆட்டோ நின்றது. திரும்ப உள்ளே வந்தாள். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். நேரே அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவள் போன பிறகு பார்த்தால், காஸ் துணியும் உப்புத் தண்ணீரும் அலமாரியிலேயே இருக்கிறது. அவ்வளவு வாங்கியும் எடுத்துப்போக மறந்துவிட்டாள். ரத்தம் குறைந்தால் மறதி வரும் என்பார்கள்.

பத்து மணிக்கு ஏசுவடியான் அண்ணாச்சி வந்தார். வலது காது மடலில் தழும்பு. "சௌக்கியமா தம்பி?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அவர் சமைத்தால் போதும், குளிப்பது மாறுவது எல்லாம் நானே என்று சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம் தம்பி" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

புண் ஓரத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது. கனி இருந்தவரை காய்ந்துகொண்டு வந்தது, அவள் போன மறுநாளே இப்படி. நான் அதே மருந்தைத்தான் அதே மாதிரி தடவுகிறேன்.

அண்ணாச்சி என் பக்கத்திலேயே சுற்றுகிறார். பேப்பர் படிக்கிறார், மடிக்கிறார், "எதுவும் வேணுமா தம்பி?" என்கிறார். இன்றைக்கு மட்டும் பதினோரு தடவை கேட்டார்.

காலைக் கடன் இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

தூக்கல்: 9.

ஜூன் 18, புதன்

இன்று ஆபரேஷன் நடக்கவில்லை. ஒரு பாட்டில் ரத்தம்தான் கிடைத்ததாம். இன்னொன்று ஏற்றிவிட்டு நாளை காலை பதினொன்றுக்கு என்கிறார்கள்.

எனக்குக் காலையிலிருந்து குளிர். தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டுகிறது. தொடை வீங்கி, துணியில் மஞ்சளாகக் கசிகிறது. நாற்றம் இருக்கிறது, ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். அண்ணாச்சி ஊதுபத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் கனி போன் பண்ணினாள்.

"எப்படி இருக்கீங்க?"

"ராஜா மாதிரி இருக்கேன்."

"குரல் ஒரு மாதிரியா இருக்கு."

"ஃபேன் காத்து."

 பக்கத்துப் படுக்கையில் குழந்தை அழுவது கேட்டது.

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லுங்க. வரணும்னா இப்பவே எந்திரிச்சு வந்துருவேன். இன்னும் ஆபரேஷன் உடுப்புகூட மாத்தல."

வா என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இதை எழுதாமல் விடக் கூடாது. வந்து இந்தத் துணியைப் பிரி, வந்து பால்காரன் பேச்சைப் பேசிக்கொண்டே என்னைத் துடைத்துவிடு, எனக்குப் பயமாக இருக்கிறது கனி என்று சொல்லவேண்டும் போல இருந்தது.

"ஒண்ணுமில்ல. போய்ப் படு" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

காலை ஏழரைக்கு அண்ணாச்சி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார். பிறகு என் கட்டிலுக்கு எதிரே வந்து சும்மா நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு காட்டணும்."

"காட்டுங்க தம்பி."

கைலியை நானே விலக்கினேன்.  அவர் முகம் மாறவில்லை. ஏன், எப்படி, எப்போது என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரே அலமாரிக்குப் போய் காஸ் துணியையும் உப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

கழுவினார். முகர்ந்து பார்த்தார். "இது வீட்டோட போற காரியமில்ல. ஊசி போடணும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

"கனிக்குத் தெரியக் கூடாது. பதினோரு மணி வரைக்காவது."

"தெரியாது. அதுக்கு முன்னால இன்னொரு வேல இருக்கு. நாலு நாளாச்சு, வயிறு கல்லு மாதிரி கெடக்கு. காய்ச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்."

எனக்குத் தெரியும் எந்த வேலை என்று. பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைத்தார். கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் பாடவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அந்த மௌனம் பாட்டைவிட மோசமாக இருந்தது.

"பாடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"பரவால்ல தம்பி."

"இல்ல, பாடுங்க. டெஸ்டர் மேஜ மேல இருக்கு, எனக்கு எட்டாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததால் பிழைத்தேன்.

"காதுல பட்டுச்சே, ரொம்பக் காயமோ?"

"மூணு தையல். இப்பவும் கேக்கத்தான் செய்யுது."

"மன்னிச்சிருங்க."

"அத அன்னைக்கே விட்டாச்சு" என்று சொல்லிவிட்டு மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தார். ராகம் சுமார்தான்.

பத்தரைக்கு என்னை இரண்டு கையிலும் தூக்கி ஆட்டோவில் வைத்தார். பிப்ரவரியில் அவர் இருந்த அந்த மூன்று நாளைத் தவிர, ஆறு வருஷமாக என்னைத் தூக்கியது கனி கை மட்டும்தான். மனுஷனுக்கு என்ன பலம். நாற்பத்தைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு கனி இதைத்தான் தினமும் நாலு தடவை செய்தாள் என்பது ஆட்டோவில் போகும்போது நினைவுக்கு வந்தது. அது நினைவுக்கு வர எனக்கு ஆறு வருஷமாகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மணி பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டரை. முத்தரசி போனை எடுக்கவில்லை. அண்ணாச்சி என் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எந்தச் சாமியிடமும் எனக்கென்று கேட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான். அந்தப் பெஞ்சியில் எல்லாச் சாமியிடமும் கேட்டேன், அண்ணாச்சியின் சாமி உட்பட.

ஒன்று பத்துக்குப் போன் வந்தது.

"ப்பா, முடிஞ்சிருச்சு. அம்மா நல்லா இருக்காங்க, கண்ணு முழிச்சிட்டாங்க. முழிச்சதும் 'அப்பா சாப்ட்டாரா'ன்னுதான் கேட்டாங்க."

அண்ணாச்சியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"அங்க என்னப்பா சத்தம்? யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுதாங்க?"

"டிவி" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. தினமும் அண்ணாச்சி கட்டுப் பிரித்துக் கட்டுகிறார். காலைக் கடன் ஒழுங்காக நடக்கிறது, நாலு பாட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

கனி வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாள். முகத்தில் ரத்தக்களை வந்திருக்கிறது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டோம்.

முத்தரசி கடைக்குப் போனதும் ஆரம்பித்தேன்.

"கனி, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"கஞ்சிச் சட்டியா?"

என் கை தானாகப் போய்த் தொடையை மறைத்தது.

"கைலி துவைக்கும்போதே தெரியும். புண்ணு வாடைக்கும் கிரீஸ் வாடைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? நீங்க ராத்திரி கால் வெறப்புக்குக் குடுத்த மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தா ஒங்களத் தூக்கிட்டுப் போனாலும் தெரியாது. பெறட்டிப் போடும்போது பாத்தேன், சட்டி ஓரம் மாதிரியே வளைவா இருந்துச்சு. தெனமும் தொடச்சி மருந்து போட்டேன். அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன். அவராக் காட்டட்டும், வியாழக்கிழம வரைக்கும் காட்டலேன்னா நீங்களே துணிய வெலக்கிருங்கன்னு."

முட்டை, மெத்தை, காஸ் துணி எல்லாம் ஒன்றொன்றாக என் மூளையில் வந்து விழுந்தது. கைவாகு நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இருக்கிறது.

"பாத்துட்டுமா போன?"

"பாத்துட்டுதான் போனேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவன் நான், அவள் என்னடாவென்றால் எல்லாம் தெரிந்துகொண்டே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் வரை பேசவில்லை. 

ஐந்து மணிக்கு, கூரையைப் பார்த்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"ஆட்டோவ நிறுத்தித் திரும்ப வந்தேம்லா? தண்ணி பாட்டில் எடுக்க வரல. போக வேண்டாம்னுதான் எறங்குனேன். அடுப்படியில நின்னு யோசிச்சேன். இப்ப நின்னா அடுத்து இன்னொண்ணு வரும், அதுக்கும் நிப்பேன். எனக்குச் சாவப் பயமா இருந்துச்சுங்க. ஒங்களுக்குத் தொடையில ஒரு புண்ணு, எனக்கு உசுரு. மொதத் தடவையா எனக்குன்னு ஒண்ணு நெனச்சேன். தப்பா?"

அவள் அழவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். தப்பா இல்லையா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தப்பில்ல" என்றேன்.

"புதன்கிழம போன்ல நீங்க வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

கட்டில் இடைவெளியில் கையை நீட்டினாள். எட்டவில்லை. பலகையை எடுத்துப் போட்டேன். அதன்மேல் அவள் கையை வைத்துக்கொண்டாள், நானும் வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு தட்டு மாட்டினேன். ப்ளைவுட், ஓரத்தில் விரல் உயரத்துக்குத் தடுப்பு. மடிக்கும் தட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. காலையில் அதில் கஞ்சிச் சட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு கனியிடம் போனேன். வாசலில் மிக்ஸியோடு யாரோ கூப்பிட்டார்கள். "அப்புறம் வாங்க" என்றேன்.

கனி முதலில் சட்டியைப் பார்க்கவில்லை. எட்டி என் மடியைப் பார்த்தாள். பிறகுதான் கஞ்சியை வாங்கினாள். உப்புக் குறைச்சல் என்றாள்.

அவள் குடித்து முடித்ததும் டைரியை எடுத்தேன்.

"ஒரு வரி எழுதணும். ஒனக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"பிசியோ பொண்ணு எழுதச் சொல்லிருக்கு. சும்மா நல்லாருக்கேன்னு எழுதுனா ஒத்துக்கிடாது."

சிரித்தாள். தையல் இழுத்தது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரொம்ப நேரம் யோசித்தாள். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்த பிள்ளை போல யோசித்தாள்.

"முதுகு வலிக்குன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"இன்னைக்குன்னு எழுதாதீங்க. ஆறு வருசமா வலிக்குன்னு எழுதுங்க."

தூக்கல்: 24.

கண்ணாடி: சரியில்லை. வலது தொடையில் புளியங்கொட்டை அகலம் இன்னும் ஆறவில்லை. அண்ணாச்சி பார்த்தார், கனியும் பார்த்தாள்.

கனி: முதுகு வலி. ஆறு வருஷமாக.